முகமூடிக்குள் அத்தானா, அண்ணியா?

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நலம், உங்கள் டப்பிங் ஸ்டுடியோவும் நலம். வலது கண் தெளிந்துவிட்டது என்றும், இடது கண்ணின் கட்டை அடுத்த வாரம் அவிழ்ப்பார்கள் என்றும் தங்கை தொலைபேசியில் சொன்னாள். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அதுவரை நீங்கள் திரை எதையும் பார்க்கக் கூடாது, வேலை விஷயம் பேசி ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டிருக்கிறாராம். நான் தொலைபேசியில் ஆரம்பித்தாலே தங்கை பிடுங்கி வைத்துவிடுகிறாள். ஆகவே கடிதம் எழுதுகிறேன். இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறவளும் அவள்தான் என்பதால் அவளுக்கும் ஒரு வார்த்தை: எழுதியதை எழுதியபடி வாசி. நடுவில் நிறுத்தி, அண்ணன் எப்போதுமே இப்படித்தான் என்று உன் கருத்தைச் சேர்க்காதே. கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் சொல்கிறேன், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். சேனல்காரர் உங்களைக் கூப்பிட்டிருப்பார், அல்லது இன்றோ நாளையோ கூப்பிடுவார். உங்கள் மச்சான் பிடிவாதம் பிடிக்கிறார் என்பார். பிடிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிக் கொடுக்காவிட்டால் தொடரை வேறு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மாற்றுவதாக இல்லை என்று நானும் சொல்லிவிட்டேன். உங்கள் ஸ்டுடியோ, நீங்கள் இல்லாத நேரம், நான் யார் அப்படிச் சொல்ல என்று உங்களுக்குத் தோன்றலாம். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுத் தோன்றட்டும்.

கதை உங்களுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியாது, வரிக்கு வரி நிறுத்திக் கேட்பாள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு கார்ட்டூன் தொடர், ஐம்பத்திரண்டு பாகம். பத்து மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளை ரோபோ. அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டுவது பத்தொன்பது வயதுப் பெண். எதிரில் ஒரு கறுப்பு ரோபோ. அதை ஓட்டும் ஆள் தலை முழுவதும் மூடிய முகமூடி போட்டிருக்கிறார். இரண்டும் நகரத்தின் நடுவில் சண்டை போடுகின்றன. அந்த முகமூடி யார் என்பதுதான் ரகசியம். முதல் நாலு பாகத்துக்கு வசனம் எழுதியவர் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டார். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "மச்சான், வக்கீல் பேசினதையே தமிழ்ல எழுதிட்டீங்க, ரோபோ பேசறது உங்களுக்கு எம்மாத்திரம்" என்றீர்கள். முன்னவர் ஏன் நின்றார் என்று அன்றைக்கே நான் விசாரித்திருக்க வேண்டும்.

ஐந்தாம் பாகத்தில் முகமூடி முதன்முதலாகப் பேசுகிறது. வயர்லெஸ்ஸில் குரல் மட்டும். ஆங்கிலத்தில் வரும் தாளில், நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் ஒரே வார்த்தை. வந்தவர் ஆணா பெண்ணா என்று வினைச்சொல் வாயைத் திறப்பதில்லை. தமிழில் அப்படி முடியுமா? மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசினால் வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று முதல் வாக்கியத்திலேயே குட்டு உடைந்துவிடும். சேனல்காரரைக் கூப்பிட்டேன். ஆணா பெண்ணா, அந்தப் பெண்ணைவிட மூத்தவரா இளையவரா, சொந்தமா அசலா, இந்த மூன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், நான் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்றேன்.

"அதெல்லாம் போகப்போகத் தெரியும் சார்."

"போகப்போகன்னா? இப்ப நான் எப்படிக் கூப்பிடறது?"

"எனக்கே ஒவ்வொரு எபிசோடாத்தான் அனுப்பறாங்க. ரகசியம்னா எல்லாருக்கும் ரகசியம்தான்."

"கொலைக் கேஸ்லகூட மொழிபெயர்க்கிறவனுக்குக் கட்டு முழுசையும் காட்டுவாங்க தம்பி."

"இது கொலைக் கேஸ் இல்லை சார், பொழுதுபோக்கு" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கோர்ட்டில் எனக்குக் கீழே டைப்பிஸ்டாக இருந்தபோது உங்களை நான் "வாடா, போடா" என்று பேசியவன். தங்கையைக் கட்டிக்கொடுத்த மறுநாள் நீங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்து நின்றீர்கள். டா போட முடியாது. நீங்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இரண்டு வருடம் நான் உங்களிடம் எழுவாய் இல்லாமலேயே பேசினேன். வந்தாச்சா, சாப்பிட்டாச்சா, கிளம்பியாச்சா. நீங்களும் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி, வந்தாச்சு, சாப்பிட்டாச்சு, கிளம்பியாச்சு என்றே பதில் சொன்னீர்கள். அதே பாஷையை எடுத்து முகமூடிக்கும், அதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் கொடுத்துவிட்டேன். "வந்தாச்சு. நகரம் சூழ்ந்தாச்சு. இனி தப்பிக்கிறதாக உத்தேசம் உண்டா?" ஆணுமில்லை பெண்ணுமில்லை, பெரியவருமில்லை சின்னவருமில்லை. குரலுக்கு நீங்கள் ஏற்பாடு செய்திருந்த செய்தியம்மா அதற்கென்றே பிறந்தவர் போல வாசித்தார். வானொலியில் இருபத்தெட்டு வருடம் செய்தி வாசித்த தொண்டை, ஆணென்றால் ஆண், பெண்ணென்றால் பெண். "தாக்கியாச்சு" என்று அவர் சொன்னால், தாக்கியது மட்டுமில்லை, அதை அதிகாரிகள் உறுதி செய்துவிட்டார்கள் என்றே தோன்றும். தொடர் பிடித்துக்கொண்டது. போன மாதம் லிஃப்ட் சரி பார்க்க வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கனத்த குரலில் "பழுது கண்டாச்சு, பாகம் மாத்தறதாக உத்தேசம்" என்றார். நான்தான் அந்த வசனகர்த்தா என்று சொன்னேன். நம்பவில்லை.

இதுவரை நல்லபடியாகத்தான் போனது. பிறகு கதை நின்றுவிட்டது. பதினாலாம் பாகத்தில் வெள்ளை ரோபோ வாளை ஓங்கியது மாப்பிள்ளை, பதினேழில்தான் இறக்கியது. நடுவில் அந்தப் பெண் சின்ன வயதை நினைக்கிறாள், மழை பெய்கிறது, காலியாக ஒரு ஊஞ்சல் ஆடுகிறது, கட்டளை அறையில் ஒரு தளபதி "அப்படியானால் அந்த விஷயம்..." என்று ஆரம்பிக்கிறார், கதவு திறக்கிறது, பாட்டு வந்துவிடுகிறது. அடுத்த பாகத்தில் அதே தளபதி, அதே கதவு, வேறு பேச்சு. வாய்தாவிலேயே என் சர்வீஸ் போயிற்று. ஆனால் ஓங்கிய வாளோடு வாய்தா வாங்கிய வக்கீலை நான் பார்த்ததில்லை. நான் குறைசொல்லிக்கொண்டே எழுதினேன், நம் கத்தரி (தங்கைக்கு: ஒலிப்பதிவு செய்கிறவன், எதையும் வெட்டிவிடுவான் என்பதால் அந்தப் பெயர்) சிரித்துக்கொண்டே வெட்டினான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை புதிய பாகத்தின் தாள் வரும்போது, பல் விளக்குவதற்கு முன்னால் படித்துவிடுகிறேன்.

இருபத்தொன்றாம் பாகம் வந்தது. கடைசி நிமிடம். இரண்டு ரோபோக்களும் விழுந்து கிடக்கின்றன. பெண் இறங்கி ஓடுகிறாள். கறுப்பு ரோபோவின் நெஞ்சு திறக்கிறது. முகமூடிக்கு முன்னால் போய் நிற்கிறாள். அவளே கையை நீட்டி அதைத் திறக்கிறாள். நமக்கு முகமூடியின் முதுகுதான் தெரிகிறது, அவளுக்கு முகம் தெரிகிறது. கண் கலங்க ஒரே ஒரு சொல் சொல்கிறாள். பாகம் முடிந்தது. தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தேன். கசின்.

மாப்பிள்ளை, அந்த மொழிக்காரர்களுக்கு ஒரு சொல். நமக்கு அது அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, அத்தான், மச்சான், அண்ணி, மதினி, கொழுந்தி, இன்னும் நான் மறந்தவை. பெரியப்பா பிள்ளை என்றால் இத்தனை நாள் அவள் முகமூடியைப் பார்த்த பார்வைக்கு ஒரு பொருள். மாமா பிள்ளை என்றால் அதே பார்வைக்கு வேறு பொருள். இருபது பாகம் மூடி வைத்த ரகசியத்தை நான் ஒரே சொல்லில் அவிழ்க்க வேண்டும், அதுவும் அவிழ்ப்பது என்ன என்று தெரியாமல். "கசின்னே வெச்சிருங்க சார், எல்லாரும் இப்ப அப்படித்தான் சொல்றாங்க" என்றான் கத்தரி. ஒருவரைக் கசின் என்று சொன்னால், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போகவில்லை என்று அர்த்தம். இருபத்தொரு வாரம் அழுதவள் அதையா சொல்வாள் என்றேன். அப்படியானால் அந்த இடத்தில் இடி போட்டுவிடலாம் என்றான். போட்டோம். மூலத்தில் இடி இல்லை, வானம் தெளிவாக இருக்கிறது என்று சேனல் திருப்பி அனுப்பிவிட்டது.

சரி, சாட்சியத்தைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள், ஐந்திலிருந்து இருபத்தொன்று வரை மறுபடியும் பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி. ஸ்டுடியோவின் வரவேற்பறைச் சுவரில் பெரிய தாளாக ஒட்டி வம்சாவளி வரைந்தேன். உங்கள் டப்பிங் விருதுப் படத்தைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டியிருந்தது, பத்திரமாக அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. ஒன்பதாம் பாகத்தில் ராணுவ டாக்டர் அந்தப் பெண்ணிடம், உன் தாயின் சகோதரர்தான் கறுப்பு எந்திரத்தைக் கட்டினார் என்கிறார். பதினெட்டில் முகமூடி, இது என் தந்தை கட்டியது என்கிறது. ஆக, தாய்மாமன் பிள்ளை, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாம் தள்ளுபடி. பன்னிரண்டில், அவள் பிறந்த அன்று அவளைத் தூக்கியது நினைவிருக்கிறது என்கிறது. ஆக, மூத்தது. கொழுந்தியும் தள்ளுபடி. அடுத்தது உதட்டசைவு. திரையில் அவள் வாய் இரண்டு தடவை திறக்கிறது, எங்கேயும் உதடு ஒட்டுவதில்லை. மச்சான், மதினி எல்லாம் மகரத்தில் உதடு ஒட்டிப் போயின. மிஞ்சியது இரண்டு. மாமா மகன் என்றால் அத்தான். மாமா மகள் என்றால், அண்ணனைக் கட்டிக்கொள்ளும் முறை என்பதால், அண்ணி. வாய் ஒரே மாதிரி திறக்கிறது. எது என்பதற்குப் பதினேழு பாகத்தில் ஒரு சாட்சியம் இல்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஸ்டுடியோ இரண்டாகப் பிரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கும் நம் பாப்பா, வயது ஐம்பத்து நாலு, முப்பது வருடமாகச் சின்னப் பெண்களுக்கே குரல் கொடுத்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டவர், அத்தான்தான் என்று ஒரே பிடியாக நின்றார்.

"ஒன்பது எபிசோடா உருகி உருகிப் பேசியிருக்கேன் சார். இப்ப வந்து அண்ணின்னா நான் உருகினதெல்லாம் என்னாகிறது?"

"அண்ணிகிட்ட உருகக் கூடாதா?"

"என் அண்ணிய உங்களுக்குத் தெரியாது" என்றார்.

அன்று எல்லோரும் போன பிறகு செய்தியம்மா என் மேசைக்கு வந்து, நின்றபடியே கேட்டார்.

"ஆம்பளைன்னு ஆயிட்டா, முகமூடிய கழட்டின உடனே என்னையும் கழட்டிடுவாங்க, இல்லையா சார்?"

நான் மழுப்பினேன். ஆணின் முகம் திரையில் வந்தால் சேனல் ஆண் குரல்தான் கேட்கும் என்பது அவருக்கும் தெரியும்.

"தப்பில்லை. எங்க நிலையத்த மூடினாங்க இல்ல, அந்தச் செய்திய அன்னைக்கு ஏழு மணிக்கு நான்தான் வாசிச்சேன். தாள் கையில வந்தப்பதான் எனக்கே தெரியும். ஒரு எழுத்து பிசகலை. இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க, அது போதும்."

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாட்சியம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கோர்ட்டில் என்ன செய்வார்கள்? சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுப்பார்கள். இங்கே எல்லோரும் சந்தேகப்படுவது முகமூடியை. முகமூடிக்கு இருக்கும் ஒரே உயிர் செய்தியம்மா. இதில் இரக்கம் கலந்திருக்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். கலந்திருக்கிறது. அதற்காகத் தீர்ப்பு தப்பாகிவிடாது. பேனாவை எடுத்து அண்ணி என்று எழுதினேன்.

பதிவு செய்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மைக் முன்னால் நின்றார். முதல் தடவை அவர் "அண்ணி" என்றது, வீட்டுச் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பது போல இருந்தது. இரண்டாவது, பதில் வராததால் கொஞ்சம் கோபத்தோடு கேட்பது போல இருந்தது. பத்து தடவை ஆயிற்று. கத்தரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, இடியே பரவாயில்லை என்று சைகை காட்டினான். அப்போது செய்தியம்மா எழுந்து உள்ளே போனார். அவருக்கு அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. மைக்குக்கு அந்தப் பக்கம், பாப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"திரையப் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு."

பாப்பா பார்த்தார். பிறகு சொன்னார். எப்படிச் சொன்னார் என்று எழுதத் தெரியவில்லை மாப்பிள்ளை, பதிவைக் கண் கட்டோடே நீங்கள் கேட்கலாம், கேட்க டாக்டர் தடை சொல்லவில்லை. கத்தரி நிறுத்த மறந்து நாலு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்துகொண்டிருந்தான். வெளியே வந்த பாப்பா என்னைத் தாண்டிப் போகும்போது, "அண்ணியே இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

அதைத்தான் சேனல்காரர் மாற்றச் சொல்கிறார். "மத்த எல்லா மொழியிலயும் ஆம்பளைன்னு வெச்சுட்டாங்க சார், நீங்க மட்டும் ஏன்?" என்கிறார். அவர்களிடம் என்ன சாட்சியம் என்று கேட்டேன். சாட்சியம் இல்லை, பெரிய ரோபோவை ஓட்டுகிறவர் ஆணாகத்தான் இருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்களாம். "வெள்ளை ரோபோவை ஓட்டுறது யாரு தம்பி?" என்றேன். வெள்ளிக்கிழமை என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, இது அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. தகவல். ஸ்டுடியோ உங்களுடையது. டயர் கடையாகக் கிடந்த இடத்தைச் சுவர் சுவராகப் பஞ்சு ஒட்டி நீங்கள் உண்டாக்கியது. தொடர் கைவிட்டுப் போனால் உங்களுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இருந்தாலும் அந்தச் சொல்லை மாற்றும் கை என்னுடையதாக இருக்காது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் வேறு ஆளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. சாவி கத்தரியிடம் இருக்கும். செய்தியம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கண்ணைக் கசக்காதீர்கள். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தங்கை ஞாபகப்படுத்தும்போது அவளிடம் எரிந்து விழாதீர்கள். இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்து, நீங்கள் முதலில் பார்ப்பது நல்லதாகவே இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். தங்கைக்கு என் அன்பு. அவள் நடுவில் சொன்ன கருத்துகளையும் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இருபத்திரண்டாம் பாகம் வந்துவிட்டது. மேலே எழுதியதில் நலம் விசாரித்த பகுதி மட்டும் செல்லும், மற்றது எல்லாம் வாபஸ். முகமூடிக்குள் யாருமே இல்லையாம். உள்ளே பளபளவென்று ஒரு தகடு, அதில் அந்தப் பெண் தன் முகத்தையே பார்த்துவிட்டு, நம் குடும்ப ஜாடையாக இருக்கிறதே என்று உறவு கொண்டாடிவிட்டாள். மாமாவுக்குப் பிள்ளையே கிடையாது, எந்திரத்தைத்தான் பிள்ளை என்று வளர்த்தார், அது தானே நடக்கிறது, தானே பேசுகிறது. அத்தானும் இல்லை, அண்ணியும் இல்லை. சேனல்காரர் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். ஆண் குரல் போட்ட மொழிக்காரர்கள் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டிருக்கிறார்களாம், அவர் குரலே இறங்கிவிட்டது. "சார், இனிமே அதை அதுன்னு சொன்னா மரியாதைக் குறைவா இருக்குமா?" என்று கேட்கிறார். அவள் தன் முகத்தைப் பார்த்து அண்ணி என்றதை நான் அப்படியே விட்டுவைக்கப் போகிறேன், அது பதிவானது பதிவானதுதான். செய்தியம்மாவைக் கூப்பிட்டு, நீங்கள் இத்தனை நாள் பேசியது ஆளுக்கு இல்லையாம், வெறும் எந்திரத்துக்காம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எந்திரம்னா வயசு ஏறாதே சார்" என்றார், மைக்கின் உயரத்தைச் சரி செய்துகொண்டே.